அந்த மாதிரி ஆராய்ச்சி

எங்கள் காலை நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் தினமும் ஐந்தரை மணிக்கெல்லாம் ஒரு காலை வணக்கப் படம் வந்துவிடும். அனுப்புகிறவர் கணக்குத் தணிக்கையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற நண்பர். சென்ற மாதம் ஒரு நாள் வந்த படத்தில் இரண்டு ஊசித்தட்டான்கள் ஒரு நாணல் தண்டில் உட்கார்ந்து, உடலை வளைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பார்ப்பதற்கு அச்சாக இதய வடிவத்தில் இருந்தன. கீழே ‘உண்மைக் காதலை இயற்கையிடம் கற்றுக்கொள்வோம்’ என்று ஒரு வரி. கூடவே ரோஜாப்பூ. பதினோரு பேர் கைகூப்பியிருந்தார்கள். பன்னிரண்டாவதாக நானும் கூப்பினேன்.

அன்றைக்குக் காலையே, பூங்கா பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அதே நண்பர் கேட்டார்: “உங்க தங்கச்சி பொண்ணு என்னமோ பி.எச்டி. பண்றாளாமே, எதைப் பத்தி சார்?”

சொன்னேன். ஊசித்தட்டான்களில் பெண்ணின் உடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் வேறொரு ஆணின் விந்தை அடுத்து வரும் ஆண் எப்படி அகற்றுகிறது, பெண் அதில் என்ன செய்கிறது என்பதைப் பற்றி. முடிந்தவரை மெல்லிய குரலில்தான் சொன்னேன்.

“அந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாமா சார் கவர்ன்மென்ட் பணம் குடுக்குது? நம்ம வரிப்பணம் சார்!” என்றார். பக்கத்தில் இருந்தவர், “பொண்ணுக்கு வேற சப்ஜெக்டே கிடைக்கலியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு ஒரு மாதமாகக் காதில் இருக்கிறது. கூட்டத்தில் பட்டென்று பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து, குளித்து, டிபன் சாப்பிட்டு, மத்தியானம் படுத்திருக்கும்போதுதான் வரும். அதற்காகத்தானே இந்தப் பக்கத்தையே வைத்திருக்கிறேன்.

முதலில் அந்தப் படத்துக்கு வருகிறேன். அதில் நடப்பது என்ன?

ஆண் ஊசித்தட்டான் தன் வால் நுனியில் உள்ள கொக்கிகளால் பெண்ணின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. விந்து வெளிவரும் இடம் வால் நுனிப் பக்கம். ஆனால் கலவிக்கான உறுப்பு வயிற்றின் தொடக்கத்தில், இரண்டாம் கண்டத்தில் இருக்கிறது. ஆகவே விந்தை அது முதலில் தனக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெண் தன் வயிற்றை முன்னால் வளைத்து அங்கே கொண்டுவருகிறது. இதயம் வந்தது இப்படித்தான். 1979-ல் ஜொனாதன் வாகே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கறுப்புச் சிறகுள்ள ஓர் ஊசித்தட்டான் இனத்தை எடுத்துக்கொண்டு, கலவியின் நடுவே வெவ்வேறு கட்டங்களில் பிரித்து, பெண்ணுக்குள் எவ்வளவு விந்து இருக்கிறது என்று அளந்தார். கலவி நேரத்தின் பெரும்பகுதியில் ஆண் விந்தைக் கொடுக்கவே இல்லை. முன்பு வந்துபோன ஆணின் விந்தைச் சுரண்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. அதன் உறுப்பில் பின்னோக்கிய முட்களும் கொம்பு போன்ற பிரிவுகளும் இருக்கின்றன. நம் வீட்டில் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. பழையதைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்தபிறகு, கடைசியில்தான் தன்னுடையதை வைக்கிறது. அதன்பின் அந்தப் பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே காவல் நிற்கிறது. காதலால் அல்ல. இன்னொருவன் பிரஷ்ஷோடு வந்துவிடக் கூடாதே என்றுதான்.

நண்பர் ரோஜாப்பூவோடு அனுப்பிய படம் இது. பன்னிரண்டு பெரிய மனிதர்கள் இதற்குக் கைகூப்பினோம். அதே விஷயத்தை ஓர் இருபத்தேழு வயதுப் பெண் குளக்கரையில் உட்கார்ந்து கணக்கெடுத்தால் அது ‘அந்த மாதிரி’ ஆராய்ச்சி. அதாவது, பார்ப்பதில் தப்பில்லை, பார்ப்பது என்னவென்று தெரிந்துகொள்வதுதான் தப்பு.

வேளாண்மைத் துறையில் நான் வேலை பார்த்தவன் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். 2012-ல் ஓய்வு பெற்றேன். அதில் பல வருடம் பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியோடும் மக்காச்சோளத்தோடும் போனது. என் வேலையில் பாதி ‘அந்த மாதிரி’ வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது. இனக்கவர்ச்சிப் பொறி என்று ஒன்று கொடுப்போம். ஒரு பிளாஸ்டிக் புனல், கீழே ஒரு பாலிதீன் பை, மேலே மூடிக்கு அடியில் பென்சில் ரப்பர் மாதிரி ஒரு துண்டு. அந்த ரப்பரில் பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றியிருக்கும். ஆண் பூச்சிகள் அதைத் தேடி வந்து பையில் விழும். ஏக்கருக்கு 5 வைக்கச் சொல்லுவோம். கூட்டத்தில் விளக்கும்போது எங்கள் மேலதிகாரி ‘இனக்கவர்ச்சி’ என்ற சொல்லையே தவிர்ப்பார். பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ‘விளக்குப் பொறி மாதிரி இது வேறொரு பொறி’ என்று தாண்டிப் போய்விடுவார். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஒருமுறை சத்தமாகவே சொன்னார்: “பொட்டை வாசனையைக் காட்டி ஆம்பளையைப் புடிக்கிறீங்க, அவ்வளவுதான சார்?” பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெரியவர் இன்னொன்று கேட்டார். அதை நான் மறக்கவில்லை. “ஏன் சார், பத்து ஆம்பளையில ஒம்பதப் புடிச்சாலும் மிச்சம் இருக்கிற ஒருத்தன் பத்துப் பொட்டைக்கும் போதுமே? அப்ப புழு எப்படிக் கொறையும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மேலதிகாரிக்கும் தெரியவில்லை. ‘எல்லாம் ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்றாங்க’ என்று மழுப்பினோம். உண்மையில் அது பூச்சியியல்காரர்கள் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. ஓர் ஆண் எத்தனை பெண்ணோடு சேரும், ஒரு பெண் எத்தனை முறை சேரும், யாருடைய விந்து முட்டையைச் சேரும் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஆண்களை மட்டும் பிடித்தால் புழு அவ்வளவாகக் குறையாது, பொறி முக்கியமாகப் பூச்சி வந்துவிட்டதா என்று கண்காணிக்கத்தான் என்று ஒழுங்காக அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடமே தாண்டாதவர் சரியான இடத்தில் கை வைத்தார். பட்டம் வாங்கிய நாங்கள் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அப்போதெல்லாம் பி.டி. பருத்தி விதைப் பெட்டியோடு ஒரு சின்னப் பொட்டலம் வந்துகொண்டிருந்தது. பி.டி. அல்லாத சாதாரணப் பருத்தி விதை, 120 கிராம். வயலைச் சுற்றி ஓரத்தில் அதை விதைக்க வேண்டும் என்பது அன்றைய விதிமுறை. எத்தனை பேர் விதைத்தார்கள்? நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் அந்தப் பொட்டலத்தை வரப்பிலேயே வீசிவிட்டார்கள். வீசாமல் என்ன செய்வார்கள்? காசு கொடுத்துப் புழு தின்னாத விதையை வாங்கிவிட்டு, புழு தின்பதற்கென்று தனியாக நாலு வரிசை வைப்பானா ஒருவன்? ‘ஏன் சார் இது?’ என்று கேட்டவர்களிடம் நான் ‘கம்பெனிக்காரன் சொல்றான், போட்டுவைங்க’ என்று சொன்னேன்.

காரணம் முழுக்க முழுக்கப் பூச்சியின் கலவிதான். பி.டி. செடியைத் தின்றும் சாகாத புழு ஆயிரத்தில், லட்சத்தில் ஒன்று தப்பும். அது அந்துப்பூச்சியாகிப் பறக்கும்போது துணைக்கு இன்னொரு தப்பிப் பிழைத்ததுதான் கிடைக்கும் என்றால், பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் விஷத்தைத் தாங்கும். ஓரத்துச் சாதாரணச் செடியில் வளர்ந்த சாதாரணப் பூச்சிகள் நிறையப் பறந்துகொண்டிருந்தால், அந்த ஒன்று அவற்றில் ஒன்றோடுதான் சேரும். எதிர்ப்புத் தன்மை ஒடுங்குபண்பாக இருக்கும்வரை அந்தப் பிள்ளைகள் பி.டி. செடியைத் தின்றால் செத்துவிடும். அதாவது அந்த 120 கிராம் பொட்டலம், தப்பிய பூச்சிக்கு நாம் பார்த்து வைக்கும் சம்பந்தம். இப்படிச் சொல்லியிருந்தால் அந்த வெற்றிலைப் பெரியவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். ஊருக்கே அவர் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும் என்பது ஒரு காரணம்; தெரிந்ததையும் சொல்ல வாய் கூசியது இன்னொரு காரணம்.

2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகை பி.டி. பருத்தியைத் தாங்கப் பழகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் இரண்டாம் வகையையும் தாண்டியது. பொட்டலத்தை வீசியது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் பருத்தியை மாதக்கணக்கில் வயலில் நீட்டித்து வைத்திருப்பதும் சேர்ந்தது. ஆனால் அமெரிக்காவில் அரிசோனாவில் அதே புழு, அதே பி.டி. பருத்தி. அங்கே 2006-லிருந்து ஒரு வேறு வழி செய்தார்கள். ஓரத்தில் சாதாரணச் செடி வைப்பதற்குப் பதிலாக, ஆலையில் வளர்த்துக் கதிர்வீச்சால் மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து வயல்களின் மேல் விட்டார்கள். தப்பிய பூச்சி மலட்டுத் துணையோடு சேர்ந்தது, வம்சம் நின்றது. 2018-ல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை அறிவித்தது. நம் பருத்திக்காரன் இன்னும் அந்தப் புழுவோடு மல்லுக்கட்டுகிறான். தணிக்கை நண்பரே, வரிப்பணக் கணக்கை இந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?

மலட்டு ஆணை விடும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதுவும் ‘அந்த மாதிரி’ கவனிப்பிலிருந்துதான். ஸ்க்ரூவர்ம் என்று ஒரு ஈ. நம் ஊரில் மாட்டுக் காயத்தில் புழு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கண்டத்து ஸ்க்ரூவர்ம் அதைவிடக் கொடியது. உயிருள்ள சதையைத் தின்னும். அப்போதுதான் பிறந்த கன்றின் தொப்புளில் முட்டையிட்டால் கன்று சில நாளில் போய்விடும். எட்வர்ட் நிப்ளிங் என்ற பூச்சியியலாளர், டெக்சாஸ் பண்ணை வீட்டுப் பிள்ளை, 1930-களில் இந்த ஈ எப்படிச் சேர்கிறது என்று உட்கார்ந்து பார்த்தார். ஆண் பல முறை சேர்கிறது. பெண் ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையையும் மலட்டு ஆணோடு சேரவைத்துவிட்டால்? கேட்டவர்கள் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேமண்ட் புஷ்லண்ட் என்ற சகா, ராணுவ மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே இயந்திரத்தைக் கடன் வாங்கி ஈக்களை மலடாக்கிக் காட்டினார். 1954-ல் கரீபியக் கடலில் குராசோ என்ற தீவில் விட்டார்கள். சில மாதங்களில் தீவில் ஈ இல்லை. அப்புறம் புளோரிடா, டெக்சாஸ், மெக்சிகோ என்று தெற்கே துரத்தித் துரத்திப் பனாமாவரை தள்ளினார்கள். 1988 வாக்கில் இறக்குமதி ஆடுகளோடு இந்த ஈ லிபியாவில் நுழைந்தபோது, மெக்சிகோ ஆலையிலிருந்து மலட்டு ஈக்களை விமானத்தில் கொண்டுபோய் அங்கேயும் அழித்தார்கள். ஆப்பிரிக்காவின் ஆடுமாடும் காட்டு விலங்கும் தப்பியது.

நிப்ளிங்கும் புஷ்லண்டும் 1992-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். 2016-ல் ‘தங்க வாத்து’ என்று இன்னொரு விருதும் இந்த வேலைக்குக் கிடைத்தது. கேட்கும்போது அசட்டுத்தனமாகத் தோன்றி, பின்னால் பெரும் பயன் தந்த அரசுச் செலவு ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்காவில் வைத்திருக்கும் விருது அது. நம் நண்பரைப் போல வரிப்பணம் வரிப்பணம் என்று அங்கேயும் ஒரு செனட்டர் இருந்தார். அவர் கேலிக்காக வருடக்கணக்கில் கொடுத்துவந்த ‘தங்க ரோமம்’ பட்டத்துக்கு எதிர்ப்பாட்டாகத்தான் இதை வைத்தார்கள். இப்போது 2023-லிருந்து அந்த ஈ பனாமா வேலியைத் தாண்டி வடக்கே ஏறிவிட்டது. 2024 நவம்பரில் மெக்சிகோவுக்குள் வந்தது. மூடிய ஆலைகளை எங்கே திறப்பது என்று இப்போது அலைகிறார்கள்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1970-களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து மலட்டுக் கொசு ஆராய்ச்சி நடத்தின. அரியானாவில் சோனிபட்டில் கொசுவை விட எல்லாம் தயார். அமெரிக்கப் பணம், உயிரியல் போர் ஒத்திகை என்று பத்திரிகையிலும் பாராளுமன்றத்திலும் புயல் கிளம்பி, 1975-ல் கொசுவை விடாமலே மூடிவிட்டார்கள். கேட்ட கேள்விகள் எல்லாமே அபத்தம் என்று நான் சொல்லவில்லை, சில நியாயமானவை. ஆனால் கடிப்பது பெண் கொசு, விடப்போவது ஆண் கொசு, ஆண் கடிக்காது என்பதை ஊர் ஊராகப் போய் மக்களிடம் விளங்கச் சொல்லியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு தீனி கிடைத்திருக்காது. இந்த விஷயத்தில் எங்கள் துறையில் நாங்கள் செய்ததையே அவர்களும் செய்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கை மகளின் ஊசித்தட்டான் ஆராய்ச்சியால் நாளைக்கு ஒரு மூட்டைப் பருத்திகூட அதிகம் விளையாது. தட்டான் கொசுப்புழுவைத் தின்னும் என்று சொல்லி ஒப்பேற்றலாம். அதற்காக அவள் அதைப் பார்க்கவில்லை. அவளிடமே கேட்டேன். “எப்படி நடக்குதுன்னு தெரியணும் மாமா” என்றாள். அவ்வளவுதான். எனக்கு இது போதும் என்று படுவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

இந்தத் துறைக்கு அடி போட்டவர் ஜெஃப் பார்க்கர் என்ற ஆங்கிலேயர். 1960-களில் பிரிஸ்டல் பக்கம் மாட்டு மேய்ச்சல் நிலத்தில், சாணிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். மஞ்சள் சாணி ஈ என்று ஒன்று. மாடு சாணி போட்ட சில நிமிடத்தில் ஆண்கள் கூடிவிடும். பெண் முட்டையிட வரும். வந்ததும் ஒன்று பிடித்துக்கொள்ளும், இன்னொன்று அதைத் தள்ளும், குஸ்தி நடக்கும். சுமார் 35 நிமிடம் கலவி. அப்புறம் முட்டையிடும் வரை ஆண் பெண்ணின் முதுகை விட்டு இறங்காது. எதற்கு இவ்வளவு பாடு என்று பார்க்கர் யோசித்தார். கோபால்ட் கதிர்வீச்சில் மலடாக்கிய ஆணையும் நல்ல ஆணையும் ஒரே பெண்ணோடு ஒன்றன்பின் ஒன்றாகச் சேரவிட்டு, எத்தனை முட்டை பொரிகிறது என்று எண்ணினார். கடைசியாக வந்த ஆணுக்குத்தான் நூற்றுக்கு 80 முட்டை. புழுவை ஒழிக்கக் கண்டுபிடித்த உத்தியே இங்கே தகப்பன் யார் என்று கண்டுபிடிக்கும் சோதனையாகிவிட்டது பாருங்கள். அந்தக் காலத்தில் மரபணுச் சோதனை ஏது? 1970-ல் பூச்சிகளில் விந்துப் போட்டி என்று அவர் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பின்னால் உலகமே தேட ஆரம்பித்தது. போட்டி குஸ்தியோடு முடிவதில்லை, பெண்ணின் உடலுக்குள்ளும் தொடர்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு வகைப் பழ ஈ இருக்கிறது. ஆணின் நீளம் சில மில்லிமீட்டர். அதன் ஒரே ஒரு விந்தணுவின் நீளம் சுமார் 5.8 சென்டிமீட்டர்! உடலைப்போல் இருபது மடங்கு. நூல்கண்டு மாதிரி சுருட்டி வைத்திருக்கும். ஏனென்றால் பெண்ணுக்குள் விந்தைச் சேமிக்கும் குழாய் அதைவிட நீளம். இதைப் படித்த அன்று மத்தியானத் தூக்கம் போயிற்று எனக்கு.

இனி இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். இவர்கள் ஆராய்ச்சியைக் கேலி செய்ய மாட்டார்கள். அதிலிருந்து நீதி எடுப்பார்கள். கல்யாண மண்டப மேடையில் மைக் பிடித்து, ‘பறவையைப் பார், தட்டானைப் பார், ஒருத்திக்கு ஒருவன்’ என்று ஆரம்பிப்பார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும் தட்டானின் லட்சணம். தேனீ ராணியை எடுத்துக்கொண்டால், கல்யாணப் பறத்தலில் பத்திலிருந்து இருபது ஆண்களோடு சேர்ந்து, லட்சக்கணக்கான விந்தணுக்களை ஒரு பைக்குள் வாங்கி வைத்து, வருடக்கணக்காக அதை வைத்துக் குடும்பம் நடத்தும். சேர்ந்த ஆண் ஒவ்வொன்றும் அந்த இடத்திலேயே செத்து விழும். மேடைக்காரர் எந்த நீதியை எடுப்பார்?

இதற்கு நேர் எதிர்க் கூட்டமும் உண்டு. படித்தவர்கள். ‘ஆண் என்றால் அலைவான், பெண் என்றால் அடங்கியிருப்பாள், இது அறிவியல் சார்’ என்பார்கள். ஆங்கஸ் பேட்மேன் என்று ஒருவர், சினிமாவில் வருகிறவர் இல்லை, 1948-ல் பழ ஈக்களைப் புட்டிகளில் அடைத்து ஒரு சோதனை செய்தார். ஆண் அதிகத் துணையோடு சேர்ந்தால் அதிகப் பிள்ளை. பெண்ணுக்கு அப்படி இல்லை என்று முடிவு சொன்னார். அறுபது வருடம் அது பாடப்புத்தகத்தில் வேதம். பட்ரிசியா கோவாட்டி என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் அதை அப்படியே திரும்பச் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். எந்தக் குஞ்சு யாருடையது என்று தெரிய பேட்மேன் பயன்படுத்திய அடையாள மரபுக் குறைகளே குஞ்சுகளைக் கொன்றுகொண்டிருந்தன. இரண்டு பக்கக் குறையும் சேர்ந்த குஞ்சுகள் எண்ணிக்கைக்கு வராமலே செத்தன. அவருடைய பழைய அட்டவணையில் தகப்பன் கணக்கில் வரும் பிள்ளைகளும் தாய் கணக்கில் வரும் பிள்ளைகளும் சமமாக வரவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாய், ஒரு தகப்பன். இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டாமா? தணிக்கை நண்பர் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் சிவப்பு மசியில் வட்டம் போட்டிருப்பார். அறுபது வருடம் யாரும் போடவில்லை. எல்லோரும் எதிர்பார்த்த விடையாக இருந்ததால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இயற்கைதான் வழிகாட்டி என்கிற யாரையும் நான் மூட்டைப்பூச்சியிடம் அழைத்துப் போகத் தயார். ஆண் மூட்டைப்பூச்சி பெண்ணின் இனப்பெருக்க வாசல் பக்கமே போகாது. ஊசி போன்ற உறுப்பால் வயிற்றுத் தோலைக் குத்தி உடலுக்குள் நேரடியாக விந்தைச் செலுத்தும். அந்தக் காயத்தைத் தாங்கவென்றே பெண்ணின் வயிற்றில் ஒரு தனி உறுப்பு உருவாகியிருக்கிறது. பழ ஈயின் விந்துத் திரவத்தில் பெண்ணை அடுத்த ஆணிடம் போகவிடாமல் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. அவை பெண்ணின் ஆயுளையே குறைக்கின்றன என்று 1995-ல் காட்டியிருக்கிறார்கள். பிரேசில் குகைகளில் ஒரு பூச்சியில் பெண்ணுக்குத்தான் ஆணுறுப்பு மாதிரி ஒன்று. ஆணை இரண்டு மூன்று நாள்கூட விடாமல் பிடித்து வைத்திருக்கும். இதில் எது சார் தர்மம்? பூச்சி தன் பிழைப்பைப் பார்க்கிறது. நம் வீட்டுப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க அதனிடம் போகிறவர்கள், பதிலை முன்பே சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

இப்படிக் காரசாரமாக எழுதுகிற எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா? இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

தை மாதம் தங்கை வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நல்ல குடும்பம். பையனின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனபின் அவர் மரியாதையாகக் கேட்டார்: “பாப்பா என்ன ஆராய்ச்சி பண்றாங்க?” தங்கை என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்த்தேன். நான் சொன்னேன்: “பயிர்ப் பாதுகாப்பு சம்பந்தமா. எங்க டிபார்ட்மென்ட் மாதிரிதான்.” அவர் திருப்தியாகத் தலையாட்டினார். சமையலறைக் கதவோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் கிளம்பியதும் வந்து கேட்டாள்: “ஏன் பெரிய மாமா, நான் என்ன திருட்டா திருடறேன்?”

முப்பது வருடம் விவசாயிகளிடம் மழுப்பியவனுக்கு அன்றும் பதில் வரவில்லை.

இப்போது சம்பந்தம் கூடிவந்துவிட்டது. தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. பெண்ணின் பெயரை இணையத்தில் போட்டால் ஒரு கருத்தரங்கில் அவள் படித்த கட்டுரையின் தலைப்பு வந்துவிடுகிறது. அதில் அந்தச் சொல் இருக்கிறது. ‘கைடுகிட்ட சொல்லி வேற தலைப்புக்கு மாத்திக்கச் சொல்லுண்ணா, நீ சொன்னா கேப்பா’ என்கிறாள். இரண்டு பருவம் வெயிலில் நின்று, பூச்சியின் சிறகில் புள்ளி வைத்து எண் போட்டு, ஒவ்வொன்றின் வரவு செலவையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள் பெண். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நெல் குருத்துப்புழுவுக்கு மாறச் சொல்ல வேண்டுமாம், நான்.

மாறச் சொல்லவில்லை. சென்ற வாரம் பையனின் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்று நான் சொன்னது பொய், பெண்ணின் ஆராய்ச்சி இன்னது, அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டது நான்தான், அவள் அல்ல, தாங்கள் தலைமையாசிரியராக இருந்தவர், கேட்டால் அவளே விளக்குவாள் என்று. அவளிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது என்று வரைவைக் கொடுத்தேன். படித்தாள். மூன்று இடத்தில் நான் ‘உயிரணு’ என்று எழுதியிருந்தேன். மூன்றையும் அடித்து ‘விந்து’ என்று திருத்தினாள். மற்றபடி ஒற்றுப்பிழை இரண்டு.

திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்டில் சேர்த்தேன். புதன்கிழமை பட்டுவாடா ஆகிவிட்டதாகக் கைபேசிக்குச் செய்தி வந்தது. தங்கை என்னோடு பேசுவதில்லை. அவரிடமிருந்து இதுவரை பதில் இல்லை.